இடமில்லை என்ற பொய்க்கணக்கு

நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளியொன்றில் யான் பணியாற்றிய காலை, நன்கொடையாக வந்த கணினி, பழைய பாட மென்பொருளை ஏற்க மறுத்து, ‘வட்டில் இடம் போதாது’ என்றது. வட்டோ பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது.

இப்பிழைக்கு ஒரு வரலாறு உண்டு. அந்நாளைய நிரல்கள் பல, வெற்றிடத்தை 32 இருமங்கள் கொண்ட எண்ணால் அளந்தன. கூட்டல் கழித்தல் குறியும் அதனுள் அடங்குவதால் அதன் உச்சம் 2,147,483,647 பைட்டுகளே. அதாவது 2 கிகாபைட். 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95, வட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் அதனையே எல்லையாகக் கொண்டிருந்தமையால் குறை மறைந்திருந்தது. 1996இல் ஃபேட் 32 அவ்வெல்லையைக் கடந்ததும், 2 முதல் 4 கிகாபைட் வரையிலான வெற்றிடம் கழித்தல் எண்ணாயிற்று. வரவைக் கடனாக எழுதிய கிராணியின் பேரேடு போன்றதே அது! வேறு கோப்புகளால் வெற்றிடத்தைக் குறைத்த பின்னரே எங்கள் மென்பொருள் உட்புகுந்தது.

‘உனக்கு இடமில்லை’ என எவர் உரைப்பினும், தலைகுனிந்து திரும்புமுன் அளந்த கோலை ஆராயுமாறு நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.