ஒரே ஊர், ஒரே வேலை, இரண்டு கட்டணங்கள்

அமெரிக்காவில் டாக்டரைப் பார்க்கப் போகும் நோயாளியை முதலில் உள்ளே அழைப்பவர் பெரும்பாலும் நர்ஸ் அல்ல. எடை பார்த்து, ரத்த அழுத்தம் குறித்து, ஊசி போட்டு, இன்சூரன்ஸ் காகிதங்களையும் சரிபார்ப்பவர் 'மருத்துவ உதவியாளர்' என்ற ஊழியர். 1924-ல் நியூயார்க்கில் மாண்டல் பள்ளி இதற்கென்றே பயிற்சி வகுப்பு தொடங்கியது. 1956-ல் இவர்களுக்கென ஒரு தேசியச் சங்கமும் உருவானது.

இந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. நர்ஸுக்கு அரசு உரிமம் கட்டாயம். மருத்துவ உதவியாளருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் தேவையில்லை. கலிபோர்னியா விதி கேட்பது இவ்வளவுதான்: ஊசி போட 10 மணி நேரப் பயிற்சி, ரத்தம் எடுக்க 10 மணி நேரம், மூச்சுவழியாக மருந்து கொடுக்க இன்னொரு 10 மணி நேரம். அதையும் டாக்டரே தன் கிளினிக்கில் சொல்லிக் கொடுத்துவிடலாம்! அப்படியிருக்க, இதற்குப் பல ஆயிரம் டாலர் வாங்கும் கல்லூரிகள் எப்படி முளைத்தன?

கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 1910-ல் தொடங்கிய ஃப்ரெஸ்னோ சிட்டி காலேஜ் இருக்கிறது. அரசுக் கல்லூரி, மாநிலத்தின் முதல் சமுதாயக் கல்லூரியும் அதுவே. அதே ஊரில் ஹீல்டு கல்லூரியின் கிளை ஒன்றும் இருந்தது. ஹீல்டு 1863-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த பழைய பெயர். 2010-ல் அதை 39.5 கோடி டாலருக்கு வாங்கியது கொரிந்தியன் காலேஜஸ் என்ற நிறுவனம். 1995-ல் ஆரம்பித்து, பங்குச் சந்தையிலும் நுழைந்து, 'எவரெஸ்ட்' என்ற பெயரில் நாடு முழுக்கக் கிளை பரப்பிய தனியார் கல்வி வியாபாரம் அது.

2012-ல் செனட்டர் டாம் ஹார்க்கின் தலைமையிலான குழு வெளியிட்ட அறிக்கை இந்த இரண்டின் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. ஹீல்டில் மருத்துவ உதவியாளர் டிப்ளமோ 22,275 டாலர். சிட்டி காலேஜில் அதற்கு இணையான படிப்பு 1,650 டாலர். பதின்மூன்று மடங்குக்கும் மேல்!

சரி, படித்து முடித்தால் சம்பளம் என்ன? 2010-ல் நாடு முழுவதும் இந்த வேலையின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 28,860 டாலர். பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ். எந்தக் கல்லூரிச் சான்றிதழ் என்று பார்த்து எந்த டாக்டரும் பதின்மூன்று மடங்கு சம்பளம் தரப்போவதில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 22,275 டாலரையும் 6.8 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிப் பத்து ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 256 டாலர். ஆண்டுக்கு 3,000-க்கு மேல். 1,650 டாலருக்கு மாதம் 19 டாலர்தான். இடைநிலைச் சம்பளம் கிடைத்தால் முதல் கடனையும் தட்டுத்தடுமாறிக் கட்டிவிடலாம். புதிதாகச் சேர்ந்து 20,000 டாலர் மட்டும் வாங்குபவருக்கோ சம்பளத்தில் 15 சதவீதம் தவணைக்கே போய்விடும்.

பிறகு ஏன் ஹீல்டு போன்ற இடங்களில் போய்ச் சேர்ந்தார்கள்? அவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் நியாயமில்லை. 2009 முதல் கலிபோர்னியா அரசு பணமுடையில் சமுதாயக் கல்லூரிகளின் நிதியை வெட்டியது. வகுப்புகள் ரத்தாயின, காத்திருப்போர் பட்டியல் நீண்டது. மாநிலம் முழுவதும் மாணவர் எண்ணிக்கை சில ஆண்டுகளில் சுமார் 5 லட்சம் குறைந்தது. மலிவான இடத்தில் இடமில்லை. விலை உயர்ந்த இடத்திலோ அழைப்பு வந்துகொண்டே இருந்தது.

அந்த அழைப்பில் ஒரு எண்ணும் இருந்தது: எங்களிடம் படித்தவர்களில் இத்தனை சதவீதம் பேருக்குப் பிளேஸ்மெண்ட்! கட்டணம் அதிகமாக இருந்தாலும் வேலை நிச்சயம் என்றால் கணக்கு நேராகிவிடும் அல்லவா? மாணவர்கள் வரவையும் செலவையும் எடை போடத்தான் செய்தார்கள். தராசின் ஒரு தட்டில் இருந்த எடைக்கல் போலி.

2015 ஏப்ரலில் அமெரிக்கக் கல்வித் துறை, ஹீல்டு தன் பிளேஸ்மெண்ட் விவரங்களில் 947 இடங்களில் தவறான தகவல் தந்ததாகக் கண்டறிந்து, ஏறக்குறைய 3 கோடி டாலர் அபராதம் விதித்தது. வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளுக்குக் கல்லூரியே பணம் கொடுத்து, பழைய மாணவர்களைத் தன் வளாகத்திலேயே ஓரிரு நாள் வேலைக்கு வைத்து, 'வேலை கிடைத்தவர்கள்' பட்டியலில் சேர்த்ததாம். 2011-ல் கணக்கியல் முடித்த ஒரு மாணவி 2006-லிருந்தே பார்த்துவந்த உணவகத் துறை வேலையும் அந்தப் பட்டியலில் ஏறியது!

கடனிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014-ல் தொடுத்த வழக்கின்படி, கட்டணத்தை அரசுக் கடன் வரம்புக்கு மேலே வைத்து, மீதிக்கு 'ஜெனிசிஸ்' என்ற கடனை மாணவர் தலையில் கட்டினார்கள். 2011-ல் அதன் வட்டி சுமார் 15 சதவீதம். அரசுக் கடனுக்கு அப்போது அதிகபட்சம் 7 சதவீதம் அளவில்தான். 2015 அக்டோபரில் நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் அபராதம் கட்ட அங்கே காசு ஏது? நிறுவனம் அதற்குள் திவாலாகிவிட்டது.

2014-ல் ஒபாமா அரசு ஒரு விதி கொண்டுவந்தது. படித்தவர்களின் ஆண்டுத் தவணை அவர்கள் வருமானத்தில் 8 சதவீதத்துக்குள் இருந்தால் படிப்பு தேறியது. 12-ஐத் தாண்டி, அத்தியாவசியச் செலவு போக மிஞ்சும் வருமானத்தில் 30-ஐயும் தாண்டினால் தோல்வி. மேலே போட்ட அதே கணக்குதான். ஆனால் விளம்பரச் சம்பளத்துக்குப் பதில் உண்மையில் கிடைத்த சம்பளத்தை வைத்து! 2017-ல் வெளியான முதல் பட்டியலில் தோற்ற 800-க்கும் மேற்பட்ட படிப்புகளில் 98 சதவீதம் லாபநோக்குக் கல்லூரிகளுடையவை. 2019-ல் டிரம்ப் அரசு அந்த விதியை நீக்கியது. 2023-ல் பைடன் அரசு வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்தது.

ஹீல்டுக்கு அந்தப் பட்டியல் வரும்வரை ஆயுள் இல்லை. 2015 ஏப்ரல் இறுதியில் கொரிந்தியனிடம் மிச்சமிருந்த 28 வளாகங்களும் ஒரே நாளில் மூடப்பட்டன. சுமார் 16,000 மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள். அவர்களுக்கு அரசு இரண்டு வழி காட்டியது. படித்த பாடங்களை வேறு கல்லூரிக்கு மாற்றி அதே படிப்பை முடித்தால் பழைய கடன் அப்படியே இருக்கும். கடன் ரத்தாக வேண்டுமானால் படித்ததை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

படிப்பை முன்பே முடித்துவிட்ட பழைய மாணவர்களில் பலர் இன்னும் அதிக காலம் காத்திருந்தார்கள். 1995 முதல் கொரிந்தியன் கல்லூரிகளில் படித்த 5.6 லட்சம் பேருக்கு மிச்சமிருந்த 580 கோடி டாலர் அரசுக் கடனைக் கல்வித் துறை ரத்து செய்வதாக அறிவித்தபோது 2022 ஜூன் ஆகிவிட்டது.