ஐ. எம். விஜயன்

ஐ. எம். விஜயன் (அயினிவளப்பில் மணி விஜயன், பிறப்பு: 25 ஏப்ரல் 1969) கேரளத்தின் திருச்சூரைச் சேர்ந்த முன்னாள் கால்பந்து வீரர். இந்திய அணியின் முன்கள வீரராகவும் தலைவராகவும் ஆடியவர். 1987 முதல் 2006 வரை கேரளக் காவல்துறை, மோகன் பகான், ஜேசிடி, எஃப்சி கொச்சின், ஈஸ்ட் பெங்கால், சர்ச்சில் பிரதர்ஸ் ஆகிய ஆறு அணிகளுக்கு ஆடினார். அவற்றுள் சிலவற்றுக்கு மீண்டும் மீண்டும் திரும்பினார். இந்தியக் கால்பந்து அரசுத் துறை, ஆலை அணிகளின் காலத்திலிருந்து தொழில்முறைக் கழகங்களின் காலத்துக்கு மாறிய இருபது ஆண்டுகளை இவருடைய வாழ்க்கை முழுமையாகத் தொட்டுச் செல்கிறது. தமிழ்த் திரைப்படங்களிலும் நடித்துள்ளார்.

இளமை

வறுமையான குடும்பத்தில் பிறந்த விஜயன், தந்தையை இளமையிலேயே விபத்தில் இழந்தார். திருச்சூர் நகராட்சி விளையாட்டரங்கில் ஆட்டம் நடக்கும் நாட்களில் சோடா விற்றார். ஒரு பாட்டிலுக்கு 10 பைசா கிடைத்தது. அந்த அரங்கிலேயே பயிற்சியாளர் டி. கே. சாத்துண்ணியின் முகாமில் ஆட்டம் பழகினார்.

கழக வாழ்க்கை

கேரளக் காவல்துறை: 1987இல் பதின்ம வயதிலேயே கேரளக் காவல்துறை அணியில் சேர்ந்தார். அன்று இந்தியாவில் பந்தாடிப் பிழைக்க நினைப்பவருக்கு நிலையான வழி அரசுத் துறை, வங்கி, ஆலை அணிகளே. சென்னையில் ஐசிஎஃப், இந்தியன் வங்கி அணிகள் இயங்கியதும் இந்த முறையில்தான். வீரருக்கு வேலை, வேலைக்கு மாதச் சம்பளம், மாலையில் ஆட்டம். வி. பி. சத்யன், சி. வி. பாப்பச்சன், யு. ஷரஃப் அலி ஆகியோருடன் விஜயன் ஆடிய இந்த அணி, 1990இல் திருச்சூரில் சல்கோகர் அணியை 2–1 என்ற கணக்கில் வென்று பெடரேஷன் கோப்பையைக் கைப்பற்றியது. சோடா விற்ற சிறுவன் சொந்த ஊர் மக்கள் முன்னால் கோப்பை வென்ற அணியின் வீரனாக நின்றான். மறு ஆண்டு கண்ணூரிலும் அதே கோப்பை காவல்துறை அணிக்கே கிடைத்தது.

கொல்கத்தா: 1991இல் மோகன் பகானுக்குச் சென்றார். அடுத்த ஆண்டு காவல்துறை அணிக்குத் திரும்பி, 1993இல் மீண்டும் கொல்கத்தா போனார். அந்நகர ரசிகர்கள் இவருடைய பாய்ச்சலைக் கண்டு 'காலோ ஹரிண்', அதாவது கரிய மான் என்று அழைத்தனர். 1998இல் இவரைப் பற்றி வெளிவந்த ஆவணப்படமும் இதே பெயரைத் தாங்கியது. கேரளத்தில் இவருக்கு 'கறுத்த முத்து' என்று பெயர்.

ஜேசிடி: 1994இல் பஞ்சாபின் பக்வாராவில் இருந்த ஜேசிடி நூற்பாலையின் அணியில் சேர்ந்தார். பைச்சுங் பூட்டியா, ஜோ பால் அஞ்சேரி, கார்ல்டன் சாப்மன் ஆகியோரும் அங்கே ஒன்றுகூடினர். 1996–97இல் தொடங்கிய தேசியக் கால்பந்து லீக்கின் முதல் பட்டத்தை வென்றது இந்த ஆலை அணிதான்.

எஃப்சி கொச்சின்: 1997இல் தனியார் முதலீட்டில் முழுநேரத் தொழில்முறைக் கழகமாக எஃப்சி கொச்சின் உருவானபோது விஜயன் கேரளம் திரும்பினார். அவ்வாண்டே அந்த அணி இறுதியாட்டத்தில் மோகன் பகானை வென்று டூரண்ட் கோப்பையைப் பெற்றது. கேரளக் கழகம் ஒன்றுக்கு அக்கோப்பை கிடைத்தது அதுவே முதல் முறை. தமிழ்நாட்டு முன்கள வீரர் ராமன் விஜயனும் இதே அணியில் ஆடி, 1997–98 தேசிய லீக்கில் 10 கோல்களுடன் முதலிடம் பிடித்தார். ஆனால் பண நெருக்கடியில் சிக்கிய கழகம் சில ஆண்டுகளிலேயே மறைந்தது. துறை அணியில் ஆட்டம் ஓய்ந்தாலும் வேலை இருக்கும். கழகம் மூடினால் வீரருக்கு இரண்டும் போய்விடும் என்பதை அன்றைய வீரர்கள் நேரில் கண்டனர்.

பிற்காலக் கழகங்கள்: 1998–99இல் மோகன் பகான், பின்னர் மறுபடி எஃப்சி கொச்சின், 2001இல் ஈஸ்ட் பெங்கால், 2002 முதல் ஜேசிடி, 2004இல் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் என்று இடம் மாறினார். 2005–06இல் ஈஸ்ட் பெங்காலோடு கழக ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

இந்திய அணியில்

1997இல் காட்மாண்டுவில் நடந்த தெற்காசியக் கோப்பையை இந்தியா வென்றபோது விஜயன் 6 கோல்களுடன் முன்னிலை வகித்தார். 1999 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12ஆவது விநாடியில் இவர் அடித்த கோல், பன்னாட்டு ஆட்டங்களின் மிக விரைவான கோல்களுள் ஒன்று. பூட்டியாவுடன் இவர் அமைத்த முன்கள இணை அக்கால இந்திய அணியின் பெரும் பலம். 2003இல் ஐதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க–ஆசியப் போட்டியில் இந்தியா வெள்ளி வென்றது. 34 வயதில் அத்தொடரில் 4 கோல்கள் அடித்த விஜயன், அத்துடன் பன்னாட்டு ஆட்டத்திலிருந்து விலகினார்.

திரைப்படம்

ஜெயராஜ் இயக்கிய 'சாந்தம்' என்ற மலையாளப் படத்தில் முதன்மைப் பாத்திரத்தில் நடித்தார். அப்படம் 2000ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. தமிழில் 'திமிரு' (2006), 'கொம்பன்' (2015), பெண்கள் கால்பந்தை மையமாகக் கொண்ட 'பிகில்' (2019) ஆகியவை இவர் நடித்த படங்கள்.

விருதுகளும் பிற்காலமும்

1993, 1997, 1999 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவின் சிறந்த கால்பந்து வீரராகத் தேர்வானார். 2003இல் அர்ஜுனா விருதும் 2025இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 2022இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தொழில்நுட்பக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். ஒருகாலத்தில் திருச்சூரின் குப்பைக் கிடங்காக இருந்த லாலூரில் எழுந்த விளையாட்டு வளாகம் இவர் பெயரைத் தாங்குகிறது.

ஊர் ஊராகக் கழகம் மாறிய விஜயன், ஆட்டம் முடிந்ததும் தமக்கு முதல் வேலை கொடுத்த கேரளக் காவல்துறைக்கே திரும்பினார். மலப்புரத்தில் உள்ள மலபார் சிறப்புக் காவல் படையில் துணைக் கமாண்டன்ட் பதவியை எட்டி, 2025 ஏப்ரலில் பணி ஓய்வு பெற்றார்.