வேதியியல் படித்திருக்கிறாயா?

அமெரிக்காவில் டாக்டராக முதலில் ஒரு கல்லூரிப் பட்டம் வேண்டும். அது வரலாற்றிலும் இருக்கலாம், இசையிலும் இருக்கலாம். ஆனால் வேதியியல், உயிரியல், இயற்பியல் தாள்களை முடித்திருக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

1910இல் மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து அறிக்கை தந்த ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர், இந்த மூன்றும் அடங்கிய இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பே அடித்தளம் என்றார். தரமற்ற கல்லூரிகள் அன்று நிறைய இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் தெற்கில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியே அரிது; ஆய்வகத்துக்கு எங்கே போவார்கள்? அப்போதிருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஹோவர்டும் மெஹாரியும் போதும் என்றது அறிக்கை. 1923க்குள் மற்ற ஐந்தும் மூடப்பட்டுவிட்டன. (கறுப்பின மருத்துவரின் வேலை தம் மக்களோடு மட்டும், அதுவும் முக்கியமாகச் சுகாதாரம் பேண என்றும் அதே அறிக்கை சொல்கிறது. தகுதி பேசிய அறிக்கை, தோழர்களே!)

சார்லஸ் டுரூ 1926இல் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் பெற்றார். கையில் பணமில்லை. இரண்டாண்டு மார்கன் கல்லூரியில் உயிரியலும் வேதியியலும் கற்பித்தார். பிறகு விண்ணப்பித்தபோது மறுத்தது நம் ஹோவர்டேதான்: ஆங்கிலத் தாள்கள் போதவில்லையாம். கனடாவின் மெக்கில் சேர்த்துக்கொண்டது. 1940இல் பிரிட்டனுக்கு ரத்த பிளாஸ்மா திரட்டி அனுப்பும் பணியை நடத்தியவர் அவர்.