திருகோணமலைக் காற்று

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியோர் கோட்டைகளையும் கொடிகளையும் பற்றியே மிகுதியாக எழுதியுள்ளனர். அவ்வரலாற்றை இயக்கிய காற்றைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

பாய்க்கப்பற் காலத்தில், வாடைக்காற்றுக் கிளர்ந்தெழும் மாதங்களில், சோழமண்டலக் கரையிலே பெருங் கப்பற்படைகள் ஒதுங்கத்தக்க துறை இருக்கவில்லை. ஆழமும் மலைக் காவலும் வாய்ந்த திருகோணமலையே அக்கடலின் புகலிடமாக விளங்கியது. 1782ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். ஒக்டோபரிற் புயல் மூண்டபோது, சென்னைக் கரையில் நிற்கவியலாத ஆங்கிலத் தளபதி ஹியூஸ் தொலைவிலுள்ள பம்பாய்க்கே செல்ல நேர்ந்தது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பெற்ற இத்துறையை ஆங்கிலேயர் 1957 வரை தமது கடற்படைத் தளமாக வைத்திருந்ததன் காரணத்தை இதிலிருந்தே உணரலாம்.

காற்றுக் கப்பலை மட்டுமா கொணர்கின்றது? மாசையும் கொணர்கின்றது. 1950களில் அலாஸ்காவிலிருந்து வட துருவப் பகுதிக்கு மேலாகப் பறந்த விமானிகள், ஆலைகளே இல்லாத அவ்வெண்பனி வெளியின்மீது புகைமூட்டம் படர்ந்திருக்கக் கண்டனர். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் எழுந்த தொழிற்சாலைப் புகையே குளிர்காலக் காற்றால் அங்குச் சென்று தேங்கிற்று என்பதைப் பின்வந்த ஆய்வாளர் நிறுவினர்.

நமது கடலும் இதற்கு விலக்கன்று. 1999ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில், தமிழ்நாட்டிற் பிறந்த வீரபத்திரன் இராமநாதன், போல் குருட்சன் ஆகியோர் தலைமையில், மாலைதீவைத் தளமாகக் கொண்டு பேராய்வொன்று நடைபெற்றது. வடகீழ்ப் பருவக்காற்று, ஆசிய நிலப்பரப்பின் புகையை வட இந்துசமுத்திரத்தின்மீது பரப்புவதை அது காட்டியது. 2022 டிசம்பரில் மண்டூசுப் புயலின்போது இலங்கை வானம் மங்கி, 9ஆந் திகதி பாடசாலைகள் மூடப்பட்டதும் நம் நினைவிலுள்ளது.

பிறர் புகை நம்மை அடையுமாயின், நம் புகை யாரை அடையும்? கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரில் 500 மெகாவாற்று நிலக்கரி அனல்மின் நிலையம் திட்டமிடப்பட்டபோது இவ்வினா எழுந்தது. 2006இல் போரினால் ஊரை இழந்து, 2015 முதல் மீளக் குடியேறிய மக்களின் நிலம் அது. கச்சான் வீசுங்காற் புகை கடலை நோக்கும். வாடை வீசுங்காற் சேருவிலப் பக்கத்து வயல்களை நோக்கும். குடாவின் வெந்நீரோ மீனவருக்குரிய கவலை. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2016 செப்டெம்பரில் அரசு அத்திட்டத்தைக் கைவிடுவதாக அங்கு அறிவித்தது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்நிலையப் பணி தொடங்கி வைக்கப்பட்டது.

அன்று மாலுமி காற்றின் திசையறிந்தே நங்கூரமிட்டான். இன்று ஆலை அமைப்போரும், வாடை, கச்சான் ஆகிய இரு பருவங்களிலும் காற்றை அளந்தறிந்த பின்னரே அடிக்கல் நாட்டுதல் வேண்டும்.