சனிக்கிழமை ஏழு மணி

திருவண்ணாமலையில் குடியிருப்பவர்களுக்குத் தூரத்துக்குச் செய்தி அனுப்பும் வித்தையைப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் ஒரு கணம் வெளியே வந்து தரிசனம் தருகிறார். அதே வேளையில் 2,600 அடிக்கு மேலே, மலையுச்சியில், கொப்பரை பற்றிக்கொள்கிறது. சுற்றுக் கிராமங்களில் அதைக் கண்ட பிறகுதான் வீட்டு அகலை ஏற்றுகிறார்கள். கம்பியும் கிடையாது, கடுதாசியும் கிடையாது. மழை மேகம் மலையை மூடிக்கொண்டால் மட்டும் கொஞ்சம் திண்டாட்டம்.

இந்தப் பீடிகை எதற்கென்றால், என் வீட்டு மாடியில் ஒரு பெரியவர் குடியிருக்கிறார். தந்தி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எண்பதை எட்டிவிட்டது. அவர் குடிவந்த புதிதில் சனிக்கிழமை காலையில் மேலேயிருந்து ஒரு கீச்சொலி கேட்டது. சுவர்க்கோழி என்று நினைத்தேன். சுவர்க்கோழி வாரம் ஒருமுறை, அதுவும் சரியாக ஏழு மணிக்குக் கத்துமா என்ற சந்தேகம் மூன்றாவது வாரம் வந்தது. மாடி ஏறினேன்.

மேஜைமேல் ஒரு ரேடியோப் பெட்டி, ஒரு பித்தளைச் சாவி, கோடு போட்ட நோட்டுப் புத்தகம். மொட்டைமாடியில் துணி உலர்த்தும் கயிறு என்று நான் எண்ணியிருந்தது அவருடைய ஏரியல். சர்க்கார் உரிமம் பெற்று, 40 மீட்டர் அலைவரிசையில், பல ஊர்களில் இருக்கும் எட்டொன்பது நண்பர்களை அவர் வாரந்தோறும் கூட்டுகிறார். அதற்கு ‘நெட்’ என்று பெயர். வலை என்று நாம் வைத்துக்கொள்ளலாம். முதலில் எல்லோருக்கும் பொதுவான அழைப்பு: டா டி டா டி, டா டா டி டா. பிறகு ஒவ்வொருவராகப் பதில் சொல்கிறார்கள். யார் எத்தனை மணிக்கு வந்தார், எழுத்து புரிந்ததா, பலம் எவ்வளவு, நாதம் சுத்தமா என்று பெரியவர் மூன்று இலக்கத்தில் குறிக்கிறார். 599 என்றால் முதல் தரம்.

மோர்ஸ் சங்கேதத்தைப் புள்ளியும் கோடுமாகப் படித்தவன் உருப்படமாட்டான் என்பது அவர் கட்சி. காதால்தான் கற்க வேண்டும். நமக்கு இது சுலபமாக வரவேண்டும். குறிலும் நெடிலும் வைத்து யாப்புக் கண்ட ஜாதியல்லவா? ஒரே வித்தியாசம், நம்முடைய நெடிலுக்கு இரண்டு மாத்திரை. மோர்ஸின் நெடிலுக்கு மூன்று.

“ஏன் ஐயா, ஒரு போன் போட்டால் ஆகாதா?” என்று கேட்டுவிட்டேன்.

“போட்டா ஆகும் சார். நல்லாயிருக்கேன்னு ஒரு பொய்யைச் சொல்லிட்டு வச்சிடுவான். இதுல பொய் சொல்ல முடியாது. கை காட்டிக் கொடுத்துடும்.”

அவர் சொன்னது உண்மை. கையெழுத்தைப் போல ஒவ்வொருவர் தட்டுவதற்கும் ஒரு ஜாடை உண்டு. வலையில் ஒருவருக்கு வாதம் வந்து வலது கை தளர்ந்துபோயிற்று. அதிலிருந்து சபை முழுவதும் அவருடைய வேகத்துக்கு இறங்கிவிட்டது. மிகவும் மெதுவாக வருகிறவரின் நடைக்கே மற்றவர்களும் நடக்க வேண்டும் என்பது இந்தக் கூட்டத்தின் பழைய தர்மம்.

இந்தத் தேசத்தில் இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது? 1921-ல் கல்கத்தாப் பக்கம் அமரேந்திர சந்திர குப்து, முகுல் போஸ் என்ற இருவர் தொடங்கிவைத்தார்கள். சென்னையில் 1924 மே 16-ந் தேதி ஸி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியில் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் பிறந்தது. ஜூலை 31-ல் ஒலிபரப்பே ஆரம்பித்துவிட்டார்கள். ரேடியோ என்பது சர்க்கார் சமாசாரம் என்று யாரும் நினைக்காத காலம். பாட்டும் பேச்சுமாக மூன்று வருஷம் நடத்தி, 1927 அக்டோபரில் பணமில்லாமல் மூடினார்கள். நல்ல காரியங்களுக்கு நம்மூரில் வழக்கமாக நேர்வதுதான். யந்திரத்தைச் சென்னைக் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தார்கள். கார்ப்பரேஷன் 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அதை வைத்துக்கொண்டு ஒலிபரப்பியது. 1938-ல் அகில இந்திய ரேடியோ சென்னைக்கு வந்துசேர்ந்தது. நாம் காலையில் கேட்டு வளர்ந்த வானொலியின் தாய்வீடு ஒரு பொழுதுபோக்குச் சங்கம்!

அடுத்த ஆண்டே யுத்தம் வந்தது. கருவிகளைப் போலீஸில் ஒப்படைக்கும்படி ஒவ்வொரு அமெச்சூருக்கும் உத்தரவு போயிற்று. இந்தியாவின் சாவிகள் ஓய்ந்தன. ஆனால் ஓய்ந்த கைகள் எல்லாம் சும்மா இருக்கவில்லை. 1942-ல் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தின்போது உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் ரகசியமாகக் காங்கிரஸ் ரேடியோவை நடத்தினார்களே, அதன் பின்னணியில் நரிமன் பிரிண்டர் போன்ற அமெச்சூர்களின் தொழில்ஞானம் இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 12-ல் பிடித்துவிட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நான்கு ஆண்டு சிறை. சுதந்திரத்துக்குப் பின், 1948-ல், மௌ நகரத்து ராணுவ சிக்னல் பள்ளியில் அமெச்சூர்களின் சங்கம் மறுபடி கூடியது.

சர்க்கார் வாயடைத்தது அந்த ஒருமுறை. சூரியன் அடிக்கடி அடைக்கிறான்.

1901-ல் மார்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி மூன்று புள்ளிகளைக் கேட்டபோது, பூமியோ உருண்டை, அலையோ நேர்கோட்டில் போவது, எப்படி வந்தது என்று பண்டிதர்கள் விழித்தார்கள். வானத்தில் மின்னேறிய அடுக்கு ஒன்று அலையைத் திருப்பியனுப்புகிறது என்று கென்னலியும் ஹெவிசைடும் ஊகித்தார்கள். ஆப்பிள்டன் அதைச் சோதித்து நிரூபித்தது 1924 டிசம்பரில். சென்னையில் கிளப் தொடங்கிய அதே வருஷம். அந்த அடுக்கை உண்டாக்குகிறவன் சூரியன். அவன் முகத்தில் கரும்புள்ளிகள் ஏறக்குறைய பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. அதோடு அடுக்கும் தடித்து மெலிகிறது. நம் கொடைக்கானலில் 1899-ல் நிறுவிய வானாய்வுக்கூடம் நூறாண்டுக்கு மேலாக இந்தப் புள்ளிகளைப் படம் பிடித்துவருகிறது. 1909-ல் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர், புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை அங்கேதான் கண்டார்.

என் மாடிப் பெரியவரிடம் தொலைநோக்கி இல்லை. ஆனால் அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் சூரியன் தெரிகிறது. 2001-ஐ ஒட்டிய பக்கங்களில் எல்லோருக்கும் 599. 2009-லும் 2019-லும் பக்கங்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. அடுக்கு மெலிந்த அந்த ஆண்டுகளில், விடிந்ததும் பக்கத்து ஊர்க்காரரைக் கேட்காது. அலை செங்குத்தாக மேலே போய் வானத்தைத் துளைத்துக்கொண்டு வெளியேறிவிடும். சாய்வாகப் போவது மட்டும் திரும்பிவரும். அதனால் தூரதேசத்துக்காரர் காதருகே கத்துவார். உறவு முறைகளிலும் இப்படிச் சில வருஷங்கள் உண்டு.

2004 டிசம்பர் பக்கத்தில் அவர் சிவப்பு மையில் அந்தமான் என்று எழுதியிருந்தார். அந்த மாதம் ஹைதராபாத் அமெச்சூர் ரேடியோ நிலையத்தின் சார்பில் பாரதி பிரசாத் குழுவினர் போர்ட்பிளேரிலிருந்து உலக நண்பர்களோடு பேசப் போயிருந்தார்கள். 26-ந் தேதி பூமி அதிர்ந்து கடல் ஏறியது. தொலைபேசிகள் செத்துக்கிடக்க, விளையாட்டுக்குக் கொண்டுபோன பெட்டிகள் தீவுகளுக்கும் நாட்டுக்கும் இடையே சேதி சுமந்தன.

இனி, நான் எழுத உட்கார்ந்த விஷயம். 2024 மே 11, சனிக்கிழமை. ஏழு மணிக்குச் சாவி தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது. பத்து நிமிஷம் இப்படியே. நான் மேலே போனபோது பெரியவர் ஏரியல் கயிற்றைப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

“ஒருத்தரும் இல்லை சார். இரைச்சல்கூடக் காணோம்.” பெட்டியை அணைத்துப் போட்டார். ஒயரை அசைத்தார். பிறகு என்னைப் பார்த்து, மிகவும் தாழ்ந்த குரலில், “உங்களுக்கு ஏதாவது கேட்குதா?” என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் பெட்டியைச் சந்தேகப்படவில்லை; தம் காதைச் சந்தேகப்பட்டார். நான் காதொலிப்பானை வாங்கி வைத்துக்கொண்டேன். “எனக்கும் கேட்கவில்லை ஐயா” என்றேன். ஒரு மனிதருக்குக் கெட்ட செய்தி சொல்லி, அவர் முகம் தெளிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

காரணம் மறுநாள் தெரிந்தது. அன்று காலை 6 மணி 53 நிமிஷத்துக்குச் சூரியனில் பெரிய ஜுவாலை ஒன்று உச்சத்துக்கு வந்திருந்தது. அதன் எக்ஸ் கதிர்கள் எட்டு நிமிஷத்தில் பூமிக்கு வந்து, வானத்தின் கீழடுக்கில் மின்னை ஏற்றிவிடும். அந்த அடுக்கு அலையைத் திருப்பாமல் விழுங்கிவிடும். முந்திய இரவு லடாக்கில் ஹான்லே வானம் செக்கச் சிவந்திருந்ததாம். இது ஒன்றும் தெரியாமல் நாங்கள் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஏழே முக்காலுக்கு இரைச்சல் மெல்லத் திரும்பியது. எட்டுக்குச் சற்று முன்னால், அதற்கு அடியிலிருந்து ஒரு கீச்சொலி. நெடில் ஒவ்வொன்றும் இழுத்துக்கொண்டு, நடுவில் தயங்கித் தயங்கி வந்தது. எனக்கே ஜாடை தெரிந்தது.

பெரியவர் சாவியின் வேகத்தைக் குறைத்துப் பதில் தட்டினார். பிறகு நோட்டை இழுத்து மணியைக் குறித்து, பக்கத்தில் 339 என்று எழுதினார்.