மண் குதிரை, கல் குதிரை, சிமெண்ட் குதிரை

"மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே"ன்னு ஒரு பழமொழி கேட்டிருப்பீங்க. அது குதிரையே இல்லை, ஆற்றுக்குள் மணல் மேடிட்ட 'மண் குதிர்'தான் மருவிப் போச்சுன்னு ஒரு விளக்கமும் சொல்வாங்க. எது சரின்னு மொழி அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு ஆர்வமெல்லாம் அந்த மண் குதிரை மேலேதான். உடையும், கரையும்னு நல்லாத் தெரிஞ்சேதான் நம்ம ஊர்க் குயவர்கள் தலைமுறை தலைமுறையா அதைச் செய்தார்கள். அவர்களையும், அவர்களுக்கு முன்னும் பின்னும் குதிரை செய்தவர்களையும் பற்றியது இந்தப் பதிவு.

முதலில் ஒரு விஷயம். குதிரை நம்ம மண்ணில் சுலபமா வளர்ந்த மிருகம் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியா வந்த பொருட்களில் குதிரையையும் சேர்த்துச் சொல்கிறது பட்டினப்பாலை. சோழர் கல்வெட்டுகளில் மலைநாட்டுக் 'குதிரைச் செட்டிகள்' வருகிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, இங்கே ராஜாக்கள் கொட்டிக் கொடுத்துக் குதிரை வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் அவை சீக்கிரமே செத்துப் போகின்றன என்று எழுதி வைத்தார். ஆக, குதிரை என்பது அரண்மனைச் சொத்து. அதைச் செதுக்கிய, பிசைந்த கைகளில் எத்தனை பேர் குதிரையோடு பழகியிருப்பார்கள் என்பது எனக்கு எப்பவும் உள்ள சந்தேகம்.

நான் இருப்பது வேங்கிக்கால். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகிற ரோட்டில், கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம். இங்கிருந்து விழுப்புரம் பக்கம் போனால் கீழ்வாலை. அங்கே பாறையில் செங்காவி ஓவியங்கள் உண்டு. குதிரை மாதிரி ஒரு விலங்கின் மேல் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், இன்னொருவன் அதைக் கயிற்றால் பிடித்து இழுக்கிறான். எல்லாமே நாலைந்து கோடுகள்தான்.

மேற்கே செங்கம் பக்கம் போனால் பல்லவர் காலத்து நடுகற்கள். ஆநிரைச் சண்டையில் செத்த வீரர்களுக்கு வைத்தவை. அந்த வீரர்கள் பெரும்பாலும் வில்லும் வாளுமாகத் தரையில்தான் நிற்கிறார்கள். எடத்தனூர் நடுகல்லில் வீரன் கருந்தேவகத்தி பக்கத்தில் நிற்பது குதிரை இல்லை, நாய்! மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் அது, அதாவது ஏழாம் நூற்றாண்டு. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. அந்தச் சிற்பி தன் ஊரில் பார்த்ததைச் செதுக்கினான். குதிரை அவன் ஊர்க்காரன் இல்லை, அவ்வளவுதான்.

கோயில் பெரிசானதும் குதிரை உள்ளே வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய தாராசுரம் கோயிலில், முன் மண்டபமே ஒரு தேர். பக்கத்தில் கல் சக்கரம், அதை இழுத்துக்கொண்டு பாயும் குதிரை. ஆனால் அங்கே குதிரை கட்டடத்தோட ஒரு அலங்காரம்தான், கதாநாயகன் இல்லை.

கதாநாயகனா ஆனது விஜயநகர காலத்தில். காரணம் சுலபம், போரே குதிரைப் போராக மாறிவிட்டது. எங்க திருவண்ணாமலையும் அதைப் பார்த்த ஊர்தான். ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர் இங்கே தலைநகர் வைத்திருந்து, 1340களின் தொடக்கத்தில் மதுரை சுல்தானோடு நடந்த சண்டையில் உயிரை விட்டார். பிறகு வந்த விஜயநகரத்தார் குதிரைக்குச் செலவு செய்ய அஞ்சவே இல்லை. 1510ல் கோவாவைப் பிடித்த போர்ச்சுகீசியர்களிடம் குதிரை வாங்கிய அதே கிருஷ்ணதேவராயர்தான் எங்க கோயிலில் ஆயிரங்கால் மண்டபம் கட்டி, 217 அடி ராஜகோபுரத்தையும் ஆரம்பித்து வைத்தவர்.

அந்தக் காலத்துக் குதிரையைப் பார்க்க வேலூர் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போங்க. இன்னும் பிரமாதமா வேணும்னா ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபம். முன்னங்கால் இரண்டையும் தூக்கி, பின்னங்காலில் எழும்பி நிற்கிற குதிரைகள். மேலே ஈட்டியோடு வீரன், கீழே புலி, காலாட்கள். சும்மா சொல்லக்கூடாது, கடிவாளத்து வாரைக்கூட விடாமல் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய கல் எப்படி அந்தரத்தில் நிற்கிறது? குதிரையும் பின்னால் இருக்கிற தூணும் ஒரே கல். அடியில் இருக்கிற புலியும் ஆளும் அழகுக்கு மட்டும் இல்லை, முட்டுக்கொடுக்கவும்தான்.

இந்த நிலை (முன்னங்கால் தூக்கியது) அப்புறம் எங்கெங்கோ பயணம் போனது. கோயில் குதிரை வாகனத்தைப் பாருங்கள், மரத்தில் அதே பாய்ச்சல். எங்க தீபத் திருவிழாவில் எட்டாம் நாள் சந்திரசேகரர் குதிரை வாகனத்தில்தான் வருவார். குதிரையைப் பார்த்துக் குதிரை செய்வதைவிட, முன்னவர் செய்த குதிரையைப் பார்த்துச் செய்வதுதான் அதிகம்னு எனக்குத் தோன்றும். ஐரோப்பாவிலும் இதே கதைதான். நாலு காலையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கிற மாதிரிதான் ஓடும் குதிரையை வரைந்தார்கள். 1821ல் ஜெரிக்கோ வரைந்த பந்தயப் படம்கூட அப்படித்தான். 1878ல் மைபிரிட்ஜ் வரிசையா கேமரா வைத்துப் படம் எடுத்தபோதுதான் தெரிந்தது, நாலு காலும் தரையை விட்டு எழும்புகிற நேரத்தில் கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கின்றன என்று!

இந்தப் பாய்ச்சலுக்கு மயங்காத ஒரே ஆள் மண் குதிரை. அது நாலு காலையும் ஊன்றித்தான் நிற்கும். ஏன்? பச்சை மண் தூக்கிய காலைத் தாங்காது. களிமண்ணோடு மணல், உமி எல்லாம் கலந்து, முதலில் கால்களை உருளை உருளையா எழுப்பிக் காயவிடுவார்கள். அது இறுகிய பிறகு வயிறு, பிறகு கழுத்து, தலை. உள்ளே எல்லாம் கூடு. சுடும்போது வெடிக்காமல் இருக்க ஆவி போக ஓட்டை வேணும். புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கத்தில் இதுக்கு 'புரவியெடுப்பு'ன்னே திருவிழா. ஊர்க்காரர்கள் பிடிமண் கொடுப்பார்கள், வேளார் குதிரை செய்வார், கண் திறந்து, ஊர்வலமா அய்யனார் கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். பழைய குதிரைகள் அங்கேயே சாய்ந்து உடைந்து மண்ணோடு மண்ணாகும். யாரும் ஒட்டவைக்க மாட்டார்கள். அடுத்த நேர்த்திக்கு அடுத்த குதிரை.

இந்த இடத்தில்தான் சிமெண்ட் வந்தது. செங்கல், கம்பி, சிமெண்ட், மேலே எனாமல் பெயிண்ட். எங்க பக்கத்துக் கிராமத்துக் கோயில்களில் இப்போ பார்ப்பது இதைத்தான். குறை சொல்லவே மாட்டேன். மண்ணால் முடியாததைக் கம்பி முடித்துக் காட்டியது. கிராமத்துக் குதிரையும் காலைத் தூக்கியது, கழுத்தைத் திருப்பியது, நரம்பு புடைத்தது. செய்கிறவர்களிடமும் நல்ல கைகாரர்கள் உண்டு.

ஆனால் கணக்கு மாறிவிட்டது. மண் குதிரை உடைந்தால்தான் அடுத்தது வேணும். அப்பா செய்யும்போது பையன் மண் மிதிப்பான், அவன் செய்யும்போது அவன் பையன். சிமெண்ட் குதிரை அவ்வளவு சீக்கிரம் உடையாது. கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் பெயிண்ட் அடித்தால் போதும். குதிரைக்கு ஆயுசு கூடியது, குயவருக்கு வேலை குறைந்தது. இத்தனைக்கும் நடுவில் ஏரியில் மண் எடுக்க அனுமதிக்கு வேறு அலைய வேண்டும். உமி எவ்வளவு, ஓட்டை எந்த இடத்தில் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்தைப் படித்தும் கைக்கு வராது. ஒரு தலைமுறை செய்யாமல் விட்டால் போச்சு.

உங்க ஊர் அய்யனார் கோயிலில் மண் குதிரை நின்றால், அடுத்த முறை போகும்போது படம் எடுப்பதோடு விட்டுவிடாதீங்க. செய்தவர் யார், எந்த வருஷம், மண் எந்த ஏரியில் எடுத்ததுன்னு பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்க. ஒரு நாயின் பெயரை ஆயிரத்து நானூறு வருஷமா காப்பாற்றி வைத்திருக்கிற மாவட்டம் எங்களது. குதிரை செய்த மனுஷனின் பெயர் ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது இருக்கட்டுமே.