வழிகாட்டிப் பலகையும் வாவிக்கரை மக்களும்

தமிழாராய்ச்சியிலே கல்வெட்டுக்கு இடமுண்டு. செப்பேட்டுக்கும் ஏட்டுச்சுவடிக்கும் இடமுண்டு. ஆனால் நாள்தோறும் பெருந்தொகையான மக்களின் கண்ணிற்படும் எழுத்தாகிய வீதியோரத்து வழிகாட்டிப் பலகையை ஓர் ஆவணமாகக் கொண்டு நோக்குவது நம்மிடையே அரிது. அப்பலகைகளைக் கவர்ச்சியான தோற்றமுடையனவாக மாற்றியமைக்க வேண்டுமென்ற கருத்து, சுற்றுலாத்துறை வளருமிடங்களிலெல்லாம் எழுந்துவருகின்றது. 2009ஆம் ஆண்டின் பின் பாசிக்குடாவில் விடுதிகள் பெருகிய மட்டக்களப்புப் பிரதேசமும் இதற்கு விலக்கன்று. நிறத்தையும் எழுத்துருவையும் பாடும்மீன் இலச்சினையையும் பற்றி விவாதிக்குமுன், யாருடைய கண்ணுக்கு அழகு என்ற வினாவை நாம் எழுப்பவேண்டியுள்ளது.

வழிகாட்டிப் பலகை அடிப்படையில் அந்நியனை நோக்கி எழுதப்படுவது. உள்ளூர் வாசிக்கு அது தேவையில்லை. 1940இல் ஜெர்மானியப் படையெடுப்பை எதிர்பார்த்த பிரித்தானிய அரசு தன் நாட்டுக் கைகாட்டிகளையெல்லாம் பிடுங்கிவிடச் செய்தமைக்கு இதுவே காரணம். கைகாட்டிகள் இல்லாதபோதும் உள்ளூரார் வழி தவறமாட்டார்கள் என்பது அவ்வரசுக்குத் தெரிந்திருந்தது. வாவிக்கரை மக்கள் தம் திசையறிவை ஞாயிற்றையும் நீரையும் கொண்டு அமைத்துக்கொண்டவர்கள். ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள வாவியின் இரு மருங்கையும் இவ்விரு சொற்களும் முழுமையாகக் குறித்துவிடுகின்றன. அம்பிளாந்துறை, மண்முனை, சந்திவெளி, நாவற்குடா, பாலமீன்மடு என்னும் ஊர்ப்பெயர்களின் ஈறுகளே துறையையும் முனையையும் வெளியையும் குடாவையும் மடுவையும் காட்டிநிற்கும் கைகாட்டிகளாகும்.

பெருந்தெருக்களின் இலக்கமிடும் முறை இதற்கு முற்றிலும் வேறான நிலவியலொன்றைக் கொண்டது. ஏ4 வீதி கொழும்பிலே தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய வழியாகச் சுமார் 430 கிலோமீற்றர் ஓடி மட்டக்களப்பில் முடிகின்றது. ஏ5 பேராதனையிலே தொடங்கிப் பதுளை வழியாகச் செங்கலடியில் முடிகின்றது. மரதன்கடவலையிலிருந்து ஹபரணை வழியாக வரும் ஏ11 திருக்கொண்டியாமடுவில் முடிகின்றது. திருகோணமலைக்குச் செல்லும் ஏ15 மட்டுமே மட்டக்களப்பைத் தன் தொடக்கமாகக் கொண்டது. மூன்று பெருவீதிகளுக்கு இப்பிரதேசம் முடிவிடம். கல்லடியிலே நிற்கும் கிலோமீற்றர்க் கல்லில் உள்ள எண், அவ்விடத்துக்கும் வாவிக்குமுள்ள உறவைக் கூறுவதன்று. கொழும்பிலிருந்து அது எவ்வளவு தொலைவு என்பதையே கூறுகின்றது. மூலதனம் தூரத்தைக் காலத்தால் அழிக்க முனைகின்றது என 1857-58ஆம் ஆண்டுக் குறிப்பேடுகளில் மார்க்ஸ் விளக்கியதை இங்கு நினைவுகூரலாம். குடியேற்ற ஆட்சியின் வீதிகள் துறைமுகத்தையும் பெருந்தோட்டத்தையும் இணைக்கும் நோக்குடன் பெரிதும் அமைந்தவை. அவற்றின் மனித விலையும் சிறிதன்று. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் உடல்வலுவுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் செலுத்தவேண்டும் என விதித்தது. அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கான காரணங்களுள் அதுவும் ஒன்று.

எனினும் மக்கள் இவ்வளவைமுறையை அப்படியே ஏற்றுவிடவில்லை. மைல்கல்லைக் ‘கட்டை’ எனப் பெயரிட்டு, தூரத்தின் அலகாகவும் இடப்பெயராகவும் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். ‘எத்தனை கட்டை?’ என்ற வழக்கு, கல் கிலோமீற்றருக்கு மாறியபின்னும் நீடித்தது.

இலக்கமிடும் முறையிலே மறைந்துபோன ஒன்றை நாம் சற்று விரிவாக நோக்கவேண்டும். ஏ4 வீதி வாவிக்கும் கடலுக்குமிடைப்பட்ட ஒடுங்கிய எழுவான்கரையிலேயே ஓடுகின்றது. வாவியின் மேற்குக் கரையோரமாக வடக்குத் தெற்காகச் செல்லும் ஏ வகை வீதி எதுவுமில்லை. பிரதேசத்தின் நெல் விளைவது பெரும்பாலும் படுவான்கரையிலே. நிலவுடைமையாளரான போடியார் பலரின் வீடும் வாசலும் எழுவான்கரையில். அவர்தம் வயலும் முல்லைக்காரனும் படுவான்கரையில். நெல்லும் பாலும் விறகும் கிழக்கு நோக்கி வந்தன. கடிதமும் கட்டளையும் மேற்கு நோக்கிச் சென்றன. இடையிலே நீர் இருந்தது. அந்த நீரைக் கடக்கும் மிதவைக்கு இப்பிரதேச மக்கள் இட்ட பெயர் ‘பாதை’ என்பதாகும். மண்முனையில் அவ்வாறான பாதை ஓடியது. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்குமிடையிலும் ஓடியது. பிற இடங்களில் நிலத்தின்மீது கிடக்கும் வழியைக் குறிக்கும் சொல், இங்கு நீரின்மீது நகரும் ஊர்தியைக் குறித்தது. உற்பத்தி நிகழும் கரையையும் அதிகாரம் தங்கிய கரையையும் இணைத்த உண்மையான நெடுஞ்சாலை இதுவே எனலாம். அதற்கு எவரும் இலக்கம் கொடுக்கவில்லை.

எழுவான்கரையின் தொடர்ச்சிக்காகக் கல்லடியிலே 1924இல் இரும்புப் பாலம் அமைந்து, ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரைப் பெற்றது. அதன் அருகே புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. மண்முனைத் துறைக்கோ 2014 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. இவ்விரு கால அளவுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் வர்க்கமும் நிலமும் பற்றிய வரலாற்றுக்கு வேறு சான்று அதிகம் வேண்டியதில்லை.

எழுத்தின் அழகு பற்றிப் பேசுவோர் மறக்கமுடியாத ஆண்டு 1957. அவ்வாண்டு சனவரியிலிருந்து மோட்டார் வாகன இலக்கத் தகடுகளில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள ‘ஸ்ரீ’ இடம்பெற்றது. மங்கலச் சொல்லென்றும் அழகிய எழுத்தென்றும் அதனை வரவேற்றவர்கள் இருந்தனர். 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தை அடுத்து வந்த அவ்வெழுத்தைத் தமிழ் மக்கள் வேறுவகையாகவே வாசித்தனர். 1958 மார்ச் இறுதியில் அவ்வெழுத்துள்ள பேருந்துகள் வடக்கிற்கு அனுப்பப்பட்டபோது தார் பூசும் இயக்கம் தொடங்கியது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் பதிலுக்குத் தாரால் அழிக்கப்பட்டன. ஏப்ரல் 9இல் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் வன்செயல் மூண்டது. ஓர் எழுத்து தனியே இவற்றை நிகழ்த்தவில்லை என்பது வெளிப்படை. தரகு முதலாளித்துவமும் கிராமியச் சிறுமுதலாளித்துவமும் மொழியைக் கருவியாக்கிக் கொண்ட சூழலிலேயே எழுத்து அந்த வலுவைப் பெற்றது. பின்னாளில் இலக்கத் தகடுகளில் ஆங்கில எழுத்துகளே மீண்டும் அமர்ந்தன! 1987இல் 13ஆம் திருத்தமும் அடுத்த ஆண்டில் 16ஆம் திருத்தமும் தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி அளித்தபின்னும், சட்டத்தில் ஏறிய மொழி பலகையிலே எழுத்துப்பிழையின்றி ஏறுவதற்குப் பல்லாண்டு போராடவேண்டியிருந்தது. இது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. 2017இல் தமிழ்நாட்டில் வேலூர், கிருஷ்ணகிரி மாவட்டங்களின் தேசிய நெடுஞ்சாலைக் கற்களில் ஆங்கிலம் நீங்கி இந்தி இடம்பெற்றபோது எழுந்த எதிர்ப்பும் இவ்வகையானதே.

அழகியல் வினாவைப் புறக்கணிப்பது நம் நோக்கமன்று. முற்போக்காளர் சிலர் வடிவத்தை வெறும் பூச்சாகக் கருதும் போக்கு, இலக்கியத்திலே போலவே இங்கும் வறட்டுத்தனமானது. பிரித்தானியாவில் ஜொக் கின்னெயரும் மார்கரெட் கல்வேர்ட்டும் அமைத்த பலகைகள் இதற்கு நல்ல சான்று. 1958இல் பிறெஸ்ற்றன் புறவழிச்சாலையில் தொடங்கிய அம்முயற்சி, வோர்பொய்ஸ் குழுவின் 1963ஆம் ஆண்டு அறிக்கைக்குப்பின் 1965இலிருந்து நாடெங்கும் பரவியது. சிற்றெழுத்துகளைக் கலந்த அவர்களுடைய எழுத்துருவுக்கு எதிராக டேவிட் கிண்டர்ஸ்லி பேரெழுத்துகளாலான ஒன்றை முன்வைத்தார். பரிசோதனையிலே வாசிப்புத் தூரத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. விஞ்ஞானம் தீர்க்காத இடத்திலே இரசனை தீர்ப்பளித்தது. அந்த இரசனை எவருடையது என்பது சமூகவியல் வினா. ஆயினும் கின்னெயரின் ஒரு விதி நமக்குப் பெரிதும் பயனுடையது: பலகைக்குள் எழுத்தைத் திணிப்பதில்லை, எழுத்தின் அளவை முதலில் நிச்சயித்து, அதற்கேற்பப் பலகையை அமைத்தல்.

நம் பலகைகளிலே நிகழ்வது இதன் மறுதலை. பலகையின் அகலம் முன்பே வரையறுக்கப்பட்டுவிடுகின்றது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற பழகிய வரிசையிலே மூன்றையும் அதற்குள் அடக்கவேண்டும். தமிழில் மெய்கள் ஒன்றன்கீழொன்றாய் அடுக்கப்படுவதில்லை. ஒவ்வொரு மெய்யும் தன் புள்ளியோடு தனியிடம் கேட்கின்றது. களுவாஞ்சிக்குடி, கொக்கட்டிச்சோலை, வந்தாறுமூலை முதலிய பெயர்கள் அகலமானவை. ஆகவே நெருக்கப்படுவது தமிழே. நெருக்கிய எழுத்திலே முதலில் மறைவது புள்ளி. புள்ளி மறைந்தால் ‘மட்டக்களப்பு’ ‘மடடககளபபு’ ஆகின்றது. தமிழ் வாசகன் ஊகித்துக்கொள்வான் என்று கூறுவோர், ஊகத்துக்கு விடப்பட்ட மொழி இரண்டாந்தர மொழி என்பதை ஒப்புக்கொள்கின்றனர். ஆங்கில எழுத்துருவுக்குத் துணையாக வரையப்பட்ட தமிழ் எழுத்தையன்றி, புள்ளி தடித்து, ண-ன, ள-ல வேறுபாடு தூரத்திலே தெளிவாகத் தெரியுமாறு தமிழுக்கென்றே வரையப்பட்ட எழுத்து வேண்டும். முஸ்லிம், சிங்கள அயலூர்களின் பெயர்களும் அவ்வூரார் வழங்கும் வடிவிலேயே அதில் எழுதப்படவேண்டும்.

சொல்லும் மாறவேண்டும். மண்முனைச் சந்தியிலும் பட்டிருப்புப் பாலத்திலும் வலையிறவிலும் நிற்கும் பலகை, எதிர்க்கரையின் பெயராகப் ‘படுவான்கரை’ என்பதைப் பெரிய எழுத்திலே தாங்கலாம். மறுபுறம் திரும்புவோருக்கு ‘எழுவான்கரை’. துறைகள் இருந்த இடங்களில் அவற்றின் பெயரும் பாதை ஓடிய காலமும் சிறிய வரியாக இடம்பெறலாம். எழுத்தின் அளவைப் பரிசோதிக்கும்போது காரின் வேகத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாது, அறுவடைக் காலத்து அந்தியிலே உழவு இயந்திரப் பெட்டியில் நெல்மூடைகளின்மேல் இருந்து வருபவரும், கொக்கட்டிச்சோலையிலிருந்து சைக்கிளில் பாற்கலன் கட்டி வருபவரும் எத்தனை முழத் தொலைவில் அதனை வாசிக்கின்றனர் என்பதையும் அளந்து குறிக்கவேண்டும்.